டிங்! போல்ட் எங்கே போச்சு?

கையில் இருந்த அழிரப்பர் நழுவி, கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்? தரையில் படுத்து, கையை நீட்டி, தூசியோடு சேர்த்து இழுத்து எடுப்பீர்கள். எட்டவில்லையா? துடைப்பம் இருக்கவே இருக்கிறது! அம்மாவிடம் இரண்டு திட்டு விழுந்தாலும் ரப்பர் கிடைத்துவிடும்.

அதே அளவுள்ள ஒரு போல்ட், கார் இன்ஜினுக்குள் விழுந்துவிட்டால்?

வாருங்கள், ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போவோம். இது நாம் மனதுக்குள் கட்டிக்கொள்ளும் ஷெட்தான். ஆனால், அங்கே நடக்கப்போவது எந்த ஊர் ஷெட்டிலும் என்றைக்காவது ஒருநாள் நடக்கக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவோடு நீங்களும் வந்திருக்கிறீர்கள். கார் சில நாட்களாகவே சரியில்லை. ஸ்டார்ட் செய்ததும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி குலுங்குகிறது.

"பிளக்கைப் பார்த்துடலாம் சார்" என்கிறார் மெக்கானிக் மாமா.

பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். அதைக் கொடுப்பதுதான் ஸ்பார்க் பிளக். நான்கு சிலிண்டர் இருந்தால் பொதுவாக நான்கு பிளக். இப்போதைய கார்கள் பலவற்றில் இந்த பிளக், இன்ஜினின் தலைப்பகுதியில் ஆழமான குழாய் போன்ற ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கும். பார்ப்பதற்குக் குட்டிக் கிணறு மாதிரியே இருக்கும். கிணற்றின் வாயில், மின்சாரத்தைக் கொடுக்கும் 'இக்னிஷன் காயில்' மூடி போல உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சின்ன போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டால் கழன்று வந்துவிடும். நம் கதாநாயகன் இந்த போல்ட்தான்!

ஷெட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் காயிலைக் கழற்றி, போல்ட்டை ஒரு பழைய டப்பா மூடியில் போட்டார். அந்த பிளக்கைக் கழற்றி, துடைத்துப் பார்த்து, திரும்பவும் மாட்டினார். இரண்டாவது காயிலையும் கழற்றினார். மூடி கொஞ்சம் தள்ளி இருந்தது. 'அப்புறம் எடுத்து வைக்கலாம்' என்று போல்ட்டை இன்ஜின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி வெளியே எடுத்தார். திரும்பியபோது முழங்கை லேசாகப் பட்டது.

டிங்... டக்.

அவ்வளவுதான். அப்புறம் சத்தமே இல்லை.

மெக்கானிக் மாமா ஷெட் வாசலில் யாரிடமோ போன் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா பேப்பர் படிக்கிறார். பார்த்தது நீங்கள் மட்டும்தான். அந்த அண்ணனின் முகம் வெளிறிவிட்டது. சுவரோரம் பிஸ்கட் டின் நிறைய அதே மாதிரி போல்ட்டுகள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது!

யாருக்கும் தெரியாது... கார் சாவியைத் திருகும் வரை.

<b>உள்ளே என்ன இருக்கிறது?</b>

அந்த அண்ணன் யோசிக்கட்டும். அதற்குள் நாம் போல்ட்டின் பின்னாலேயே உள்ளே இறங்கிப் பார்த்துவிடுவோம்.

பிளக் கழன்றதும் தெரியும் துளையின் விட்டம் பல கார்களில் 14 மில்லிமீட்டர். நம் போல்ட்டின் தலை 10 மில்லிமீட்டர். சிக்கல் இல்லாமல் நுழைந்துவிடும். துளையைத் தாண்டினால் சிலிண்டர். உருண்டையான, வழவழப்பான சுவர் கொண்ட அறை. அதன் தரைதான் பிஸ்டன். ஆனால், இது சும்மா இருக்கும் தரை அல்ல. மேலும் கீழும் ஓடுகிற தரை!

எவ்வளவு வேகமாக ஓடும்? சிக்னலில் கார் சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 13 தடவைக்கு மேல் பிஸ்டன் மேலே வந்து கீழே போகிறது. நெடுஞ்சாலையில் 3,000 சுற்று என்றால், நொடிக்கு 50 தடவை. 'ஒன்று' என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது!

மேலே வரும் பிஸ்டன் எங்கே போய் நிற்கும்? கூரையை ஒட்டி. பல இன்ஜின்களில் பிஸ்டனின் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். கலவையை நன்றாக நெருக்கிப் பிழிந்தால்தான் தீப்பொறி பட்டதும் பலமாக எரியும். அதற்காகவே அவ்வளவு நெருக்கம். நம் போல்ட்டின் தலை மட்டுமே 4 மில்லிமீட்டர் கனம். அது எங்கே ஒதுங்கும்?

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் மோட்டார், நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றவைக்கும். அதாவது சாவியைத் திருகிய முதல் நொடியிலேயே பிஸ்டன் மூன்று தடவை மேலே வந்துவிடும். போல்ட் கடினமான இரும்பு. பிஸ்டனும் கூரையும் அலுமினியக் கலவை. கல்லையும் வாழைப்பழத்தையும் சேர்த்து அமுக்கினால் எது நசுங்கும்? பிஸ்டனில் குழி விழும். போல்ட் போய் வால்வில் மாட்டினால் வால்வு வளைந்துவிடும். அப்புறம் அது சரியாக மூடாது. சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்தால், ஆயில் மேலே ஏறி எரிந்து புகை தள்ளும். சில நேரம் பிஸ்டனே உடைந்து போகும்.

ஒரு சின்ன போல்ட். பத்து ரூபாய்கூடப் பெறாது. அது இன்ஜினையே காவு வாங்கிவிடும்.

<b>மூன்று கேள்விகள்</b>

"அண்ணே..." என்கிறார் அந்த அண்ணன். குரல் வெளியே வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி, "அண்ணே, காயில் போல்ட் உள்ளே விழுந்துடுச்சுண்ணே!"

மெக்கானிக் மாமா போனை வைத்துவிட்டு வேகமாக வருகிறார். நீங்களும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறீர்கள். இதோ, விழப் போகிறது ஓர் அறை!

"எந்த ஓட்டை?"

"ரெண்டாவதுண்ணே."

"பிளக் இருந்துச்சா, கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேண்ணே."

"விழுந்த பிறகு எதையாவது சுத்தினியா?"

"இல்லண்ணே. அப்படியே நின்னுட்டேன்."

"நல்லது. யாரும் சாவியைத் தொடாதீங்க. சார், வண்டியைத் தள்ளிடாதீங்க!"

அவ்வளவுதான்! திட்டு, அடி எதுவும் இல்லை. எனக்கு இந்த மெக்கானிக் மாமாவை ரொம்பவே பிடித்திருக்கிறது. அவர் கேட்ட மூன்று கேள்விகளிலும் விஷயம் இருக்கிறது, கவனித்தீர்களா?

எந்த ஓட்டை? இன்ஜினைத் திறந்து வைத்திருக்கும்போது விழுவதற்குப் பல வழிகள் உண்டு. பிளக் துளை ஒன்று. காற்று உள்ளே போகும் குழாய் இன்னொன்று. மேல்மூடியை, அதாவது டேப்பட் கவரைக் கழற்றியிருந்தால், ஆயில் கீழே இறங்கும் துளைகள் வழியாக அடியில் இருக்கும் ஆயில் சம்ப் வரைக்கும்கூடப் போகலாம். எந்த வாசலில் நுழைந்தது என்று தெரிந்தால்தான் எந்த அறையில் தேடுவது என்று தெரியும்.

பிளக் இருந்ததா? இது முக்கியமான கேள்வி. பிளக்கைக் கழற்றாமல் இருந்திருந்தால், அதுவே கதவு மாதிரி துளையை அடைத்துக்கொண்டிருக்கும். போல்ட் கிணற்றின் அடியில், பிளக்கைச் சுற்றிக் கிடக்கும். காந்தத்தை விட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடும். அப்போது செய்யவே கூடாதது, 'முதலில் பிளக்கைக் கழற்றுவோம்' என்பதுதான். கதவைத் திறந்து, திருடனை உள்ளே அனுப்பிய கதையாகிவிடும்! கைதேர்ந்தவர்கள், பிளக்கைக் கழற்றும் முன்பே அந்தக் கிணற்றில் இருக்கும் மண், தூசியை எல்லாம் காற்றடித்து வெளியேற்றுவதும் இதற்காகத்தான்.

எதையாவது சுற்றினாயா? சுற்றாத வரை போல்ட் விழுந்த இடத்திலேயே சாதுவாகக் கிடக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இன்ஜின் சுற்றினால்தான் வம்பு.

சரி, காரைத் தள்ளக்கூடாது என்றாரே, அது ஏன்? கார் கியரில் நின்றால், சக்கரமும் இன்ஜினும் கோத்துக்கொண்டிருக்கும். அப்போது காரைத் தள்ளினால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் இன்ஜின் சுற்றும். பேட்டரி இறங்கிய காரை நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே தத்துவம்தான். மெக்கானிக் மாமா காரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிட்டார். இனி யார் சாவியைத் திருகினாலும் இன்ஜின் அசையாது.

<b>இருட்டுக்குள் ஒரு கண்</b>

டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியுமா? விரல் பருமன் துளை. டார்ச்சை வைத்தால் கண்ணை வைக்க இடமில்லை. கண்ணை வைத்தால் டார்ச்சுக்கு இடமில்லை!

மாமா ஒரு கறுப்பு வயரை எடுக்கிறார். நுனியில் பட்டாணி அளவில் ஒரு கேமரா. அதைச் சுற்றி மிகச்சிறிய விளக்குகள். மறுமுனையை செல்போனில் செருகுகிறார். வயரை மெல்ல மெல்ல உள்ளே விட, திரையில் நிலாவின் தரை மாதிரி ஒரு காட்சி. கரி படிந்த பிஸ்டன். அதோ! ஓரத்தில் பளபளவென்று படுத்திருக்கிறது நம் போல்ட்.

இதற்குப் பெயர் போர்ஸ்கோப். டாக்டர்கள் வயிற்றுக்குள் பார்க்கப் பயன்படுத்தும் எண்டோஸ்கோப்புக்கு உறவுக்காரன். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு முன்கதை உண்டு. அதில் ஓர் இந்தியரும் இருக்கிறார்!

பஞ்சாபில் உள்ள மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்தவர் நரிந்தர் சிங் கபானி. ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அதை வளைந்த பாதையிலும் அழைத்துச் செல்ல முடியுமா என்று யோசித்தவர்களில் அவர் முக்கியமானவர். லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, அதன் வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். அந்த ஆராய்ச்சி 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இழை வளைந்தாலும் ஒளி அதற்குள்ளேயே எதிரொளித்து எதிரொளித்து மறுமுனைக்கு வந்துவிடும். அதே பத்தாண்டுகளில் டாக்டர்கள் அதைக் கொண்டு இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது நுனியிலேயே குட்டி கேமரா வந்துவிட்டதால், மெக்கானிக் ஷெட்டில் இருப்பவற்றுக்குக் கண்ணாடி இழை தேவைப்படுவதில்லை. ஆனாலும் வளைந்து போய் எட்டிப் பார்க்கும் ஆசை அன்றே பிறந்துவிட்டது.

டாக்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். குழந்தைகள் விழுங்கிய, மூச்சுக்குழாயில் மாட்டிக்கொண்ட பொருட்களை எடுப்பதில் கெட்டிக்காரர். எடுத்த ஒவ்வொன்றையும் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். ஊக்கு, பட்டன், நாணயம், ஆணி என்று மொத்தம் 2,374 பொருட்கள்! பிலடெல்பியாவில் உள்ள மட்டர் அருங்காட்சியகத்தில் அந்தத் தொகுப்பு இருக்கிறது. (பேனா மூடியை வாயில் வைத்துக் கடிப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்!)

<b>காந்தக் குச்சியும் பாதாளக் கரண்டியும்</b>

சரி, ஷெட்டுக்குத் திரும்புவோம். போல்ட் எங்கே என்று தெரிந்துவிட்டது. எடுப்பது எப்படி?

ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்து நீட்டக்கூடிய ஒரு குச்சியை எடுக்கிறார் மாமா. நுனியில் சின்னக் காந்தம். 'இவ்வளவுதானா? நானே எடுத்துவிடுவேனே' என்று தோன்றும். பொறுங்கள்!

குச்சியை உள்ளே விட்டதும் நுனி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், 'டப்' என்று சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுவர் இரும்பாயிற்றே! காந்தத்துக்கு போல்ட்டும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். பிடுங்கிவிட்டால் மறுபடி சுவர். நல்லவேளையாக பிஸ்டன் அலுமினியம். அது காந்தத்தைக் கண்டுகொள்ளாது. தரையும் இரும்பாக இருந்தால் பாடு திண்டாட்டம்தான்.

மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைக் காந்தத்தின் மேல் செருகி, நுனி மட்டும் தெரியும்படி விடுகிறார். இப்போது காந்தத்தின் பக்கவாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பிளாஸ்டிக். காந்தத்தின் பலம் தூரம் கூடக்கூட மளமளவென்று குறைந்துவிடும் அல்லவா? அந்தச் சின்ன இடைவெளியே போதும். பக்கவாட்டு இழுப்பு குறைந்துவிடுகிறது.

டிக்! போல்ட் ஒட்டிக்கொண்டது.

மெதுவாக மேலே... மேலே... துளையின் விளிம்பு வரை வந்து, இடித்து, மறுபடி கீழே. டக்!

ஏன் தெரியுமா? 25 மில்லிமீட்டர் நீளமுள்ள போல்ட், குறுக்காகப் படுத்தபடி ஒட்டிக்கொண்டு வந்தது. 14 மில்லிமீட்டர் துளையில் அது எப்படி நுழையும்? மாட்டு வண்டியில் குறுக்கே ஏற்றிய மூங்கிலை, ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோக முடியுமா? நீளவாக்கில் வரவேண்டும். அதற்கு போல்ட்டின் ஒரு முனையில் காந்தம் பிடிக்க வேண்டும். முயற்சி இரண்டு. மறுபடி டக்! அந்த அண்ணனின் நெற்றியில் வியர்வை.

கிராமத்துத் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று. 'பாதாளக் கரண்டி' என்பார்கள். ஓர் இரும்பு வளையத்தைச் சுற்றி நிறைய கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, அடித்தரையைத் துழாவினால், ஏதாவது ஒரு கொக்கியில் வாளியின் பிடி மாட்டிக்கொள்ளும். எல்லார் வீட்டிலும் அது இருக்காது. ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் இருக்கும். இரவல் வாங்கப் போனால், சில ஊர்களில் செம்போ குடமோ ஈடாக வைத்துவிட்டு வரவேண்டும். ஏன் தெரியுமா? வாளியை எடுக்கப் போன கரண்டியே கிணற்றுக்குள் விழுந்துவிட்டால்?

அந்தப் பாதாளக் கரண்டிக்குப் பேரன் மாதிரி ஒரு கருவி மெக்கானிக்குகளிடம் உண்டு. ஸ்பிரிங் போல வளையும் ஒரு நீளக் கம்பி. பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கினால், நுனியில் நான்கு மெல்லிய விரல்கள் விரியும். விட்டால் கவ்விக்கொள்ளும். காந்தத்தில் ஒட்டாத பொருள் விழுந்துவிட்டால் இதுதான் கை கொடுக்கும். பித்தளை, அலுமினியம், ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் காந்தத்தில் ஒட்டாதே! கருவி இல்லாதவர்கள், குச்சி நுனியில் கெட்டியான கிரீஸைத் தடவி, ஒட்டவைத்து எடுப்பதும் உண்டு.

எவர்சில்வர் விஷயம் வேடிக்கையானது. வீட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாது, அல்லது பட்டும் படாமலும் இருக்கும். ஆனால், எவர்சில்வரிலேயே செய்த ஒரு ரூபாய் நாணயத்தில் நன்றாக ஒட்டும். இரண்டுமே துருப்பிடிக்காத இரும்புதான். அதில் என்னென்ன உலோகத்தை எவ்வளவு கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து குணம் மாறுகிறது. அதனால், 'விழுந்தது என்ன போல்ட்?' என்பதும் ஒரு நல்ல கேள்விதான். அதேபோல் ஒன்றை டின்னிலிருந்து எடுத்துக் காந்தத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

<b>நீங்களும் மெக்கானிக்!</b>

வாய் குறுகலான ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஜெம் கிளிப், ஒரு சட்டை பட்டன், ஒரு துண்டு ரப்பர் ஆகியவற்றைப் போடுங்கள். நிபந்தனை: பாட்டிலைச் சாய்க்கவோ கவிழ்க்கவோ கூடாது. இன்ஜினைக் கவிழ்க்க முடியாதல்லவா?

நூலில் சின்னக் காந்தத்தைக் கட்டி இறக்கினால் ஜெம் கிளிப் வந்துவிடும். பட்டனுக்கு? நீளமான குச்சியின் நுனியில் கொஞ்சம் சப்பாத்தி மாவு வைத்துப் பாருங்கள். ரப்பருக்கு? அதை நான் சொல்லமாட்டேன்! பிறகு பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதுதான் அந்த அண்ணனின் வியர்வை புரியும். (காந்தத்தை வாயில் போடக் கூடாது. சின்னத் தம்பி, தங்கை கையிலும் கொடுக்கக் கூடாது. அப்பாவின் கார், பைக் பக்கம் இந்தச் சோதனையோடு போகவே கூடாது.)

<b>எடுக்க முடியாமல் போனால்?</b>

போல்ட் வரவே இல்லை என்றால், கடைசி வழி ஒன்று உண்டு. இன்ஜினின் தலையையே கழற்றிவிடுவது. 'ஹெட் இறக்கணும்' என்பார்கள். கேட்டதும் கார்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எத்தனையோ குழாய்கள், வயர்கள், பெல்ட் அல்லது செயின் எல்லாவற்றையும் கழற்றி, திரும்பப் பூட்டும்போது நடுவில் புது கேஸ்கெட் வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் வரிசைப்படி, அளவான பலத்தில் இறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை ஒன்றிரண்டு நாளாகிவிடும். செலவும் ஆயிரக்கணக்கில் எகிறும். ஆனால், போல்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதைவிட அது மலிவு.

ஆயில் சம்புக்குள் விழுந்திருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. விழுந்தது அடியில் போய்ப் படுத்துவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் வலை இருப்பதால், போல்ட் உள்ளே போகாது. 'அது பாட்டுக்குக் கிடக்கட்டும்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. அது சம்ப் வரை போனதா, அல்லது வழியில் செயினுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு திட்டில் தங்கிவிட்டதா என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கார் என்றால் நடுரோட்டில் நின்றுவிடும். விமானம் என்றால்? 2023 டிசம்பரில், ஆஸ்திரேலிய விமான நிறுவனம் ஒன்றின் ஏ380 விமானம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பராமரிப்புக்காக நின்றது. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமான வகை அது. இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்கான நைலான் கருவி ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டார்கள். சின்னது அல்ல, 1.25 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட உங்கள் உயரம்! கருவி காணோம் என்றால், அதைத் தேடுவதற்கு என்றே ஒரு நடைமுறை உண்டு. அதைத் தொடங்கும் முன்பே விமானம் பறக்க அனுமதிக்கப்பட்டுவிட்டது. 34 பயணங்கள், 294 மணி நேரம் பறந்த பிறகுதான், அடுத்த பராமரிப்பின்போது அந்தக் கருவி நெளிந்துபோய்க் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இதை விசாரித்து, 2024-ல் அறிக்கை வெளியிட்டது.

இப்படி நடக்காமல் இருக்கத்தான், விமானம் பழுதுபார்க்கும் இடங்களில் கருவிகளுக்கு என்று தனிப் பலகை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஓர் இடம். வேலை முடிந்ததும் பலகையைப் பார்த்தால் போதும். எந்த இடம் காலியோ, அந்தக் கருவி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது! நம் ஷெட்டில் இருந்த டப்பா மூடியும் அதன் ஏழைத் தம்பிதான். நான்கு காயில் என்றால் நான்கு போல்ட். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

<b>ஐந்தாவது முயற்சி</b>

"நீ எடு" என்கிறார் மாமா, குச்சியை அந்த அண்ணனிடம் நீட்டி.

"நானாண்ணே?"

"உன் கைதான் மெல்லிசா இருக்கு. நான் ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்றேன். இடது பக்கம் வா... இன்னும் கொஞ்சம்... அதைத் தொடாதே, அது சுவரு. ஆங், தலைப்பக்கம் பிடி. பிடிச்சிடுச்சு. அவசரப்படாதே!"

ஷெட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அப்பாவின் பேப்பர் எப்போதோ கீழே விழுந்துவிட்டது. குச்சி ஒவ்வொரு அங்குலமாக மேலே வருகிறது. விளிம்பில் லேசாக இடிக்கிறது. அண்ணன் கையை நிறுத்தி, குச்சியை விரலால் மெல்ல உருட்டுகிறார். போல்ட் தொங்கியபடியே செங்குத்தாகத் திரும்புகிறது. நழுவி வருகிறது. கிணற்றின் வாயில் ஒரு பளபளப்பு!

அண்ணன் போல்ட்டைப் பிடித்து மூடியில் போடுகிறார். டிங்!

வேலை முடிந்துவிட்டதா? இல்லை. மாமா கேமராவை மறுபடி உள்ளே விட்டு, சிலிண்டரின் தரை, சுவர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார். போல்ட்டின் மரையை உற்றுப் பார்த்து, சில்லு ஏதும் பெயரவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார். மூன்றாவது காயிலைக் கழற்றும் முன், திறந்திருக்கும் துளையில் ஒரு சிவப்புத் துணியைத் திரித்துச் செருகி, முனையை நீளமாக வெளியே தொங்க விடுகிறார்.

"ஏன் மாமா சிவப்புத் துணி?" என்று கேட்கிறீர்கள்.

"கறுப்புத் துணி வெச்சா, எடுக்க மறந்துடுவோம்ல!"

வேலை முடிகிறது. துணி வெளியே வந்துவிட்டது. நான்கு பிளக், நான்கு காயில், நான்கு போல்ட். மூடி காலி. பேட்டரி வயரை மாட்டுவதற்கு முன், மாமா ஒரு பெரிய ஸ்பேனரை இன்ஜினின் முன்பக்கக் கப்பியில் போட்டு, கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கிறார். எங்கும் தட்டவில்லை.

"சாவியைப் போடு" என்கிறார், அந்த அண்ணனைப் பார்த்து.

அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு தடவை எல்லாரையும் பார்த்துவிட்டு, சாவியைத் திருகுகிறார். குலுக்கல் இல்லை. ஒரே சீரான உறுமல். நொடிக்கு 13 தடவை!